ஆம்பாங் சாம்பலும் புரோமோவின் மணற்கடலும்

1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்து, காட்டைத் தாண்டி, ஆம்பாங்கில் ஈயம் தோண்ட இறங்கினார்கள். கோலாலம்பூர் பிறந்த கதையை மலேசியப் பள்ளிப் பிள்ளைகள் இங்கிருந்துதான் படிக்கத் தொடங்குகிறார்கள். அதே ஆம்பாங் மண்ணில் ஈயத்தோடு வேறொன்றும் கிடந்தது. 1971-இல் ஸ்டாஃபர் என்ற நிலவியலாளர், அங்கே எரிமலைச் சாம்பல் படிந்திருப்பதைப் பற்றி மலேசிய நிலவியல் கழகத்தின் செய்திமடலில் எழுதினார். அது மலாக்கா நீரிணைக்கு அப்பாலிருந்து, சுமத்ராவின் தோபா எரிமலையிலிருந்து வந்த சாம்பல். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா வெடித்தது. அப்போது எழுந்த சாம்பல், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் இன்றைய கிள்ளான் பள்ளத்தாக்கின் மேலும் விழுந்தது. கடல் தாண்டி ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரைக்கும் போய்ப் படிந்தது. பேராக் மாநிலத்தின் லெங்கோங்கில் கற்கருவிகளோடு கிடைத்திருப்பதும் இதே சாம்பல்தான்.

எரிமலை என்பது எங்கோ இந்தோனேசியாவில் இருக்கும் வேடிக்கைப் பொருள் என்றுதான் கோலாலம்பூரில் பலர் நினைக்கிறார்கள். அவர்கள் வீடு கட்டியிருக்கும் மண்ணே ஒரு காலத்தில் அந்தச் சாம்பலை வாங்கிக்கொண்ட மண். இதைத் தெரிந்துகொண்டு விமானம் ஏறினால் ஜாவாப் பயணம் வேறு மாதிரி இருக்கும்.

அப்படி விமானம் ஏறுகிறவர்கள் இப்போது நிறைய. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை மேசையில் நண்பர்கள் கூடினால் பேச்சு எப்படியாவது நீண்ட வாரயிறுதி விடுமுறைக்குப் போய்விடுகிறது. லங்காவியும் கேமரன் மலையும் பார்த்தாகிவிட்டது, அடுத்து எங்கே? ஒருவர் கைப்பேசியை நீட்டுகிறார். புகையும் மலை, அடியில் சாம்பல் நிறத்தில் விரிந்த மணல்வெளி, அதன் நடுவே எறும்பளவில் ஒரு ஜீப். அந்தப் படம் பெரும்பாலும் கிழக்கு ஜாவாவின் புரோமோவாகத்தான் இருக்கும்.

பாலைவனத்தையும் எரிமலையையும் ஒரே பயணத்தில் சாலை வழியாகப் பார்க்க விரும்பும் கிள்ளான் பள்ளத்தாக்குக்காரருக்குக் கிழக்கு ஜாவா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து சுராபாயாவுக்கு நேரடி விமானம் உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். மலேசியக் கடப்பிதழுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா வேண்டாம். வண்டி ஓடுவது இங்கே போலவே இடப்பக்கம். ஆசியான் நாடுகள் ஒன்றின் ஓட்டுநர் உரிமத்தை மற்றொன்று ஏற்பதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 1985-இல், கோலாலம்பூரில்தான். இருந்தாலும் ஓட்டுநரோடு ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே நல்லது. நீண்ட இரவுப் பயணங்களும் கொண்டை ஊசி வளைவுகளும் நிறைந்த தடம் இது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் அந்த வளைவுகளில் வளர்ந்தவராக இருந்தால் பின்னால் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

மலாயாத் தீபகற்பத்தில் ஏன் புகையும் மலை ஒன்றுகூட இல்லை? பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. விடை கடலுக்கடியில் இருக்கிறது. ஜாவாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடித்தரையைச் சுமக்கும் தட்டு ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே நகர்ந்து ஜாவாவுக்கு அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. அப்படிப் புகும் பாறை தன்னோடு நீரையும் கொண்டு போகிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், அழுத்தமும் சூடும் தாங்காமல் அந்த நீர் வெளியேறி மேலேயுள்ள பாறைக்குள் ஊறுகிறது. நீர் ஊறிய பாறை, உலர்ந்த பாறையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகியது இலேசாகி மேலேறுகிறது. வழி கிடைத்த இடத்தில் எரிமலையாகிறது. சுமத்ராவின் மேற்கு ஓரத்திலிருந்து ஜாவா, பாலி, லொம்போக் என்று எரிமலைகள் ஒரே வரிசையில் நிற்பதற்குக் காரணம், அந்த ஆழ்கடல் அகழி அதே வளைவில் ஓடுவதுதான். தீபகற்பம் அந்த வரிசைக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி இருக்கிறது.

ஆனால் அதுவும் நெருப்பு காணாத நிலம் இல்லை. தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல், இருநூறு மில்லியன் ஆண்டுகளுக்கு முன், டைனசார்களின் தொடக்க காலத்தில் பூமிக்குள் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு. அது ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகியது. ஆறும்போது வடிந்த சூடான கரைசல்களில்தான் ஈயம் சேர்ந்தது. கோலாலம்பூரை உண்டாக்கிய ஈயம் அப்படி வந்தது. தாமான் மெலாவத்தியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற புக்கிட் தாபூரின் வெள்ளைப் பாறை முகடும் இந்தக் கதையின் ஒரு பக்கம்தான். பூமியின் வெடிப்பு ஒன்றில் ஏறிய வெந்நீர் படிகக்கல்லாக உறைய, சுற்றியிருந்த மென்மையான பாறை கரைந்துபோக, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சுவராக அது நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு பார்த்து முடித்த நெருப்பை ஜாவா இன்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

சுராபாயாவின் ஜுவாண்டா விமான நிலையம் உண்மையில் சிடோர்ஜோ மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே இறங்கினால் புகையும் மலைக்கு முன்பே புகையும் சேறு வந்துவிடும். 2006 மே 29 அன்று போரோங் வட்டாரத்தில் வயல்வெளியைப் பிளந்துகொண்டு சூடான சேறு பொங்கியது. அது நிற்கவே இல்லை. பத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள், பள்ளிகள், தொழிற்சாலைகள், பழைய டோல் சாலையின் ஒரு பகுதி எல்லாம் சேற்றுக்குள் போயின. பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். இரண்டு நாள் முன்பு யோக்யகார்த்தாவில் நடந்த நிலநடுக்கம் காரணமா, பக்கத்தில் எரிவாயுவுக்காகத் துளையிட்டது காரணமா என்று நிலவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டிருக்கிறார்கள்; துளையிடல்தான் என்பது அவர்களில் பலரின் முடிவு. இன்று அங்கே ஏரிபோல் பரந்த சாம்பல் நிறச் சேறும், அதைக் கட்டிப்போட எழுப்பிய உயர்ந்த மண்கரையும் இருக்கின்றன. 2014-இல் சிற்பி டாடாங் கிறிஸ்தாந்தோ அந்தச் சேற்றில் மனித உருவங்களை நிறுத்தினார். அவை சிறுகச் சிறுகப் புதைந்துகொண்டிருக்கின்றன. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் இங்கே நிற்பதில்லை. நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். நிலம் தானாகவும் பொங்கும், மனிதன் கை வைத்தாலும் பொங்கும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது.

அங்கிருந்து டோல் சாலை கிழக்கே புரோபோலிங்கோ வரை சமவெளியில் ஓடுகிறது, கரும்பும் நெல்லும். புரோபோலிங்கோவில் இறங்கித் தெற்கே திரும்பியதும் ஏற்றம் தொடங்குகிறது. சூக்காபுரா தாண்டியதும் காற்று மாறிவிடும். ஏணி சாத்தி ஏற வேண்டியது போன்ற சரிவுகளில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வெங்காயத் தாளும் பயிராகின்றன. மண் கறுப்பு, எரிமலை கொடுத்த கறுப்பு. தோளில் சாரோங்கைப் போர்வைபோல் போர்த்திக்கொண்டு ஆண்களும் பெண்களும் நடக்கிறார்கள். வண்டி செமோரோ லாவாங்கை அடையும்போது உயரம் 2,200 மீட்டர். கெந்திங் மலையைவிட நானூறு மீட்டர் மேலே.

கிள்ளானின் வெக்கையில் பழகிய உடம்புக்கு இங்கே முதல் பாடம் குளிர். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இரவு வெப்பநிலை சில நாள் பூச்சியத்தைத் தொடும்; விடியலில் மணல்மேலும் புல்மேலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மெல்லிய ஜாக்கெட் ஒன்றோடு வந்து, விடுதி வாசலில் கம்பளித் தொப்பி விற்கும் பெண்மணியிடம் நள்ளிரவில் பேரம் பேசும் மலேசியர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

சொந்த வண்டியோ வாடகை வேனோ மணல்வெளிக்குள் போக முடியாது. உள்ளூர்க்காரர்களின் ஜீப்பைத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் எழுபது, எண்பதுகளில் செய்த டொயோட்டா லேண்ட் குரூசர்கள். அப்பா ஓட்டியதை மகன் ஓட்டுகிறான். அதிகாலை மூன்று மணிக்கு அவை வரிசையாகக் கிளம்புகின்றன. ஜாவா நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்னால் என்பதால் நம் கணக்கில் மணி நான்கு. ஐந்தரைக்குள் சூரியன் வந்துவிடும்.

2,770 மீட்டர் உயரமுள்ள பெனாஞ்சாக்கானில் நின்று கிழக்கு வெளுப்பதைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் தவறான மலையைப் படம் எடுக்கிறார்கள். முன்னால் கூம்பாக, உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாக, மிக அழகாக நிற்பது புரோமோ இல்லை. அது பாத்தோக், அணைந்துபோன எரிமலை. மழைநீர் வழிந்தோடி அறுத்த ஓடைகள்தான் அந்த மடிப்புகள். அதற்குப் பக்கத்தில் தலை வெட்டுண்ட மாதிரி குட்டையாக, வாயிலிருந்து வெண்புகை விட்டுக்கொண்டிருப்பதுதான் புரோமோ. உயரம் 2,329 மீட்டர். இருவருக்கும் பின்னால், தொலைவில், எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது செமேரு. 3,676 மீட்டர். ஜாவாவின் மிக உயர்ந்த சிகரம். அதன் உச்சியிலிருந்து அவ்வப்போது ஒரு சாம்பல் மேகம் கிளம்பி, காற்றில் சாய்ந்து கரையும்.

பாத்தோக்கையும் புரோமோவையும் தாங்கும் தரை, முன்பு இங்கே இருந்த ஒரு பெரிய எரிமலையின் உட்புறம். பழைய தெங்கர் மலை தன் வயிற்றிலிருந்த குழம்பை வெளியே கொட்டித் தீர்த்ததும் மேல்கூரை தாங்க ஆளில்லாமல் உள்ளே சரிந்தது, உப்பிய பூரியைக் குத்தினால் மேல்தோல் அமுங்குவதுபோல. மிஞ்சியது பதினாறு கிலோமீட்டர் அகலக் குழி. அதற்குள் மறுபடி ஒரு சரிவு. அதன் தரையில் புதிய கூம்புகள் முளைத்தன. பாத்தோக் ஒன்று, புரோமோ ஒன்று, இன்னும் சில. அவை உமிழ்ந்த சாம்பலும் மணலும் குழியின் தரையை நிரப்பி, 2,100 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஐயாயிரம் ஹெக்டேர் பரப்பில் ஒரு மணல்வெளியை உண்டாக்கின. உள்ளூரில் அதை மணற்கடல் என்கிறார்கள். 1919-இலேயே டச்சு அரசு இதைக் காப்புநிலம் ஆக்கியது. 1982-இல் புரோமோ தெங்கர் செமேரு தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது.

பாலைவனம் என்று சொன்னால் மழையில்லா நிலம் என்று நினைக்கத் தோன்றும். இமயத்துக்கு அப்பாலுள்ள லடாக் அப்படிப்பட்டது. மலைச்சுவர் பருவமழையைத் தடுத்துவிடுவதால், 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்து நூறு மில்லிமீட்டர் அளவுக்கே மழை. புரோமோவில் மழைக்குக் குறைவில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை கொட்டும். ஆனால் பெய்ததெல்லாம் பருமணலில் இறங்கி மறைந்துவிடுகிறது. வேர் பிடிக்கும் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாம்பல் மூடிவிடுகிறது. கோடையில் காற்று மணலைக் கிளப்பி வீசும்போது மெல்லிய ஓசை கேட்கும். 2001-இல் வந்த 'பாசிர் பெர்பிசிக்' (கிசுகிசுக்கும் மணல்) என்ற இந்தோனேசியத் திரைப்படத்தின் பெயராலேயே மணல்வெளியின் ஒரு பகுதி இன்று அழைக்கப்படுகிறது. அதே குழியின் மறுகோடியில், சாம்பல் அதிகம் எட்டாத பக்கத்தில், இடுப்பளவு புல் வளர்ந்த பசும்புல்வெளி. ஜீப்பில் கால் மணி நேரத்தில் கறுப்பிலிருந்து பச்சைக்கு வந்துவிடலாம்.

கறுப்பு மணலின் நடுவே ஒரு கோயில் இருக்கிறது. பூரா லூகூர் போத்தென். கருங்கல்லில் பிளந்த வாயில், உள்ளே திறந்த முற்றம், பின்னணியில் புகையும் மலை. இது பாலியிலிருந்து வந்தவர்களுடைய கோயில் இல்லை. சுற்றுமலைகளில் வாழும் தெங்கர் மக்களுடையது. ஜாவா பெரும்பாலும் இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் இந்த உயர்ந்த கிராமங்களில் பழைய வழிபாடு விடாமல் நடந்து வந்திருக்கிறது. தாங்கள் மஜாபாகித் அரசின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. மானிடவியலாளர் ராபர்ட் ஹெஃப்னர் இவர்களோடு வாழ்ந்து 1985-இல் எழுதிய நூல், இவர்களுடைய சடங்கு மொழிக்குள் பழைய ஜாவாவின் சைவ மரபு உயிரோடிருப்பதை விரிவாகக் காட்டியது. புரோமோ என்ற பெயர் பிரம்மாவிலிருந்து வந்தது, செமேரு, மகாமேருதான்.

மகாமேரு ஜாவாவுக்கு வந்த கதையை 'தந்து பாங்கெலாரான்' என்ற பழைய ஜாவானிய நூல் சொல்கிறது. ஆதியில் ஜாவாத் தீவு நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்ததாம். அதை நிறுத்த, தேவர்கள் பாரதத்திலிருந்து மகாமேருவைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். வரும் வழியில் சிதறிய துண்டுகள் மலைகளாயின. மீதி கிழக்கே செமேருவாக நின்றது. மந்தர மலையைப் பெயர்த்துப் பாற்கடல் கடைந்த கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ஆடும் நிலத்தில் வாழ்கிறோம் என்பதை அந்தக் கதையைச் சொன்னவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

தெங்கர் மக்களின் பெரிய நாள் யாட்ஞ காசாடா. ரோரோ அந்தெங், ஜோகோ செகெர் என்ற தம்பதிக்குப் பிள்ளையில்லை. மலையிடம் வேண்டினார்கள், கடைசிப் பிள்ளையை மலைக்கே தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். இருபத்தைந்து பிள்ளைகள் பிறந்தனர். வாக்கைக் காக்க மனம் வராமல் கடைக்குட்டி கெசுமாவை ஒளித்து வைத்தபோது மலை சீறியது. கெசுமா தானே எரிமலை வாய்க்குள் போனான். போகும்போது, ஆண்டுதோறும் விளைச்சலில் ஒரு பங்கை மலைக்குக் கொடுங்கள், ஊர் செழிக்கும் என்று சொன்னான். இன்றும் காசாடா மாதப் பௌர்ணமி இரவில் கிராமங்கள் மணற்கடலைக் கடந்து வருகின்றன. காய்கறி, நெல், பழம் கட்டிய காவடி போன்ற சுமைகள், கோழி, ஆடு, காசு. போத்தெனில் பூசை முடிந்ததும், புதிதாகப் பூசாரியாகப் போகிறவர்கள் மந்திரங்களைப் பிழையின்றிச் சொல்லிக் காட்ட வேண்டும். பிறகு எல்லோரும் படியேறி, காணிக்கையை எரிமலை வாய்க்குள் எறிகிறார்கள்.

எறிந்ததைப் பிடிக்க, உட்சரிவில் நீண்ட கம்பில் வலை கட்டிய மனிதர்கள் காத்திருக்கிறார்கள். ஏழைகள் பலர், பக்கத்து மாவட்டக்காரர்கள். புகைக்குள் கால் வைக்க இடமில்லாத சரிவில் நின்று, விழும் முட்டைக்கோசையும் கோழியையும் பிடிக்கிறார்கள். கொடுத்தவர்கள் கோபிப்பதில்லை. மலைக்குக் கொடுத்தாயிற்று, அதற்குமேல் அது யார் கைக்குப் போகிறது என்பது மலையின் விஷயம்.

அடிவாரத்திலிருந்து எரிமலையின் விளிம்புக்குச் சுமார் 250 படிகள். பத்துமலையில் 272 படி ஏறிப் பழகியவர்களுக்கு எண்ணிக்கை பயமுறுத்தாது. ஆனால் இங்கே காற்றில் கந்தகம், படிமேல் மணல், நுரையீரலுக்குப் பிராணவாயு குறைவு. நின்று நின்று ஏற வேண்டும். மேலே ஏறியதும் வரும் முதல் வியப்பு ஓசை. நூற்றுக்கணக்கான மீட்டர் அகலமுள்ள அந்த வாயின் அடியிலிருந்து ஓயாத இரைச்சல் வருகிறது. விளிம்பில் நடக்கும் பாதை குறுகலானது. தடுப்புக் கம்பி கொஞ்ச தூரம்தான். அதைத் தாண்டி வெறும் மணல் முகடு. நேர்த்திக்கடன் பற்றித் தெரிந்த தமிழர், ஆடிமாதத் தீமிதியும் தைப்பூசக் காவடியும் பார்த்து வளர்ந்தவர், இந்த விளிம்பில் நிற்கும்போது மற்ற சுற்றுலாப் பயணிகளைவிட ஒரு படி உள்ளே இருக்கிறார். அந்த உரிமையோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

2023 செப்டம்பர் 6 அன்று, கோடையில் காய்ந்து கிடந்த புல்வெளியில் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு ஒன்று நடந்தது. படத்துக்கு அழகு சேர்க்க வண்ணப் புகைக் குச்சியைக் கொளுத்தினார்கள். பொறி புல்லில் விழுந்தது. சுமார் 500 ஹெக்டேர் எரிந்தது, பூங்கா மூடப்பட்டது, மலைக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களும் வெந்தன. படப்பிடிப்பை ஏற்பாடு செய்தவருக்குப் பின்னர் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. தெங்கர் மக்களுக்கு எரிந்தது வெறும் புல் இல்லை. அந்தக் குழி முழுவதும் அவர்களுக்குக் கோயில் வளாகம். இன்றும் அங்கே போகிற கூட்டங்களில் ட்ரோன் பறக்கவிடுவதற்கும் ஜீப் கூரைமேல் ஏறி ஆடுவதற்கும் கிடைக்கும் நேரத்தில் பத்து நிமிடம்கூடப் போத்தென் வாசலுக்குக் கிடைப்பதில்லை. பத்துமலை முற்றத்தில் அப்படி யாராவது நடந்துகொண்டால் கிள்ளான் பள்ளத்தாக்கே கொந்தளிக்கும்.

தெங்கர் நாட்காட்டியின் காப்பித்து மாதம் நோன்பு மாதம். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் மோட்டார் வண்டிகள் மணற்கடலுக்குள் வரக் கூடாது. இந்துக்களின் மௌன நாளான நியெப்பியன்று பூங்காவே மூடியிருக்கும். பயணத் தேதி குறிக்கும்போதே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். வண்டி இல்லாத நாளில் அகப்பட்டுக்கொண்டால் வருந்தவும் வேண்டாம். நடந்தோ குதிரையிலோ மணலைக் கடப்பதுதான் அந்த இடத்தின் அளவைச் சரியாகக் காட்டும். குதிரை பிடித்துவரும் ஆட்கள் அந்த நாட்களிலும் உண்டு.

எரிமலையை நம்பியும் நம்பாமலும் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 2004 ஜூன் 8 அன்று புரோமோ முன்னறிவிப்பு அதிகமில்லாமல் வெடித்தது. விழுந்த கற்களில் அடிபட்டு இருவர் இறந்தனர். 2010 இறுதியில் தொடங்கிய வெடிப்பு மாதக்கணக்கில் நீடித்து மணற்கடலைப் புதிய சாம்பலால் மூடியது. 2021 டிசம்பர் 4 அன்று செமேருவின் உச்சியில் குவிந்திருந்த எரிமலைக் குழம்பு மழையில் சரிந்து, கொதிக்கும் சாம்பல் மேகமாக லுமாஜாங் மாவட்டக் கிராமங்கள்மேல் இறங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மணல் அள்ளிப் பிழைத்தவர்கள் அவர்களில் உண்டு. இந்தோனேசியாவில் ஏறத்தாழ 127 உயிருள்ள எரிமலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நிலையையும் அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் நான்கு படிகளில் அறிவிக்கிறது: சாதாரணம், எச்சரிக்கை, தயார்நிலை, ஆபத்து. 'மாக்மா இந்தோனேசியா' தளத்தில் அன்றன்றைய நிலை கிடைக்கும். மலாய் தெரிந்தவர்களுக்கு அதைப் படிப்பது கடினமில்லை. மூன்றாம் படிக்குப் போய்விட்டால் டிக்கெட் காசைப் பற்றி யோசிக்காமல் திட்டத்தை மாற்றிவிடுவதுதான் சரி.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்க் கூட்டம் ஒன்று பயணத்தில் சண்டை போடுவதென்றால் அது பெரும்பாலும் இதில்தான். கிழக்கு ஜாவாவின் பெருமையான கறுப்புச் சாறு ராவோன், மாட்டிறைச்சியில் செய்வது. தெருவெங்கும் கிடைக்கும் பாக்சோ உருண்டையும் அநேகமாக அதுதான். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். அவர்களுக்கும் சைவர்களுக்கும் பெச்செல் இருக்கிறது: வேகவைத்த கீரை, அவரை, முளைகட்டிய பயறு, மேலே காரமான நிலக்கடலைச் சாறு, பக்கத்தில் பொரித்த தெம்பே. நிலக்கடலைச் சாற்றில் சில கடைகளில் பெலாச்சான் சேர்ப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளலாம். செமோரோ லாவாங்கின் குளிரில் சூடான இஞ்சித் தேநீரோடு இதைச் சாப்பிட்டவர்கள் வீடு திரும்பியும் தேடுவார்கள்.

நேரம் இருப்பவர்கள் புரோபோலிங்கோ வழியாக வந்து மாலாங் வழியாக இறங்கலாம். மணற்கடலைக் கடந்து, புல்வெளி தாண்டி, காட்டுச் சரிவில் இறங்கும் அந்தப் பாதையில் தெங்கர் கிராமமான ஙாடாஸ் வருகிறது. மாலாங்குக்கு வடக்கே சிங்காசாரி. மன்னன் கெர்த்தநகரனுக்காக 1300-ஐ ஒட்டிக் கட்டிய சிவன் கோயில் அங்கே முற்றுப்பெறாமல் நிற்கிறது. அதன் மாடங்களிலிருந்த துர்க்கையையும் கணபதியையும் டச்சுக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்; அந்தச் சிலைகள் இரண்டு நூற்றாண்டு கழித்து, 2023-இல்தான் நெதர்லாந்திலிருந்து இந்தோனேசியாவுக்குத் திரும்பின. ஒரே ஒருவர் மட்டும் தென்புற மாடத்தை விட்டு அசையவில்லை. அகத்தியர். பொதிகையில் இருப்பதாக நாம் நம்பும் அதே குறுமுனி, தொந்தியும் தாடியுமாகத் தெற்கு நோக்கி நிற்கிறார். தமிழர் கூட்டம் இத்தனை தூரம் வந்து அவரைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

புரோமோவிலிருந்து கிழக்கே ஆறேழு மணி நேரப் பயணத்தில் இஜென். இதை இரவில்தான் ஏற வேண்டும். பால்துடிங் முகாமிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம், பிறகு எரிமலை வாய்க்குள் கற்பாறை இறக்கம். மருத்துவச் சான்று கேட்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் போகவே கூடாது. உள்ளே, பாறை வெடிப்புகளிலிருந்து சில இடங்களில் அறுநூறு டிகிரி வரைக்கும் சூடாக வெளிவரும் கந்தக வாயு, காற்றுப் பட்டதும் தீப்பிடித்து நீலமாக எரிகிறது. பகலிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. விடிந்ததும் தீ மறைந்து ஏரி தெரிகிறது. ஒரு கிலோமீட்டர் அகலம், பளிச்சென்ற நீலப்பச்சை. உலகின் மிகப் பெரிய கடுங்காடி ஏரி அது. நீரின் அமிலத்தன்மை உலோகத்தையே அரிக்கும் அளவு. 2023-இல் இஜென் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்றானது.

அதே பாதையில் கந்தகம் சுமப்பவர்கள் ஏறி வருகிறார்கள். குழாய்கள் வழியாக வாயுவைக் குளிரவைத்து, சிவப்பாக வழிந்து மஞ்சளாக இறுகும் கந்தகத்தைக் கடப்பாரையால் உடைத்து, மூங்கில் காவுகட்டையின் இரு முனையிலும் கூடை கட்டி, எழுபதிலிருந்து தொண்ணூறு கிலோ வரை தோளில் தூக்குகிறார்கள். பலருக்கு முகமூடிகூட இல்லை; வாயில் கடித்த ஈரத்துணிதான். தோளில் காய்ப்பு ஏறியிருக்கும். ரப்பர் தோட்டத்தில் பால் வாளி சுமந்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கிள்ளானிலிருந்து இங்கே வருகிறவர்களில் பலர். சுமைகாரர் எதிரே வந்தால் பாதையை விட்டு ஒதுங்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பதும், எடுத்தால் கையில் ஏதாவது கொடுப்பதும் அங்கே மரியாதை. சுமப்பதை விட்டுவிட்டு வழிகாட்டியாகவோ, நடக்க முடியாதவர்களைத் தள்ளுவண்டியில் இழுப்பவராகவோ மாறியவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். அவர்களையே வழிகாட்டியாக அமர்த்திக்கொள்வது நல்லது. எந்த வெடிப்பில் எப்போது காற்றுத் திரும்பும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2024 ஏப்ரலில் விளிம்பில் நின்று படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் கீழே விழுந்து இறந்தார். வழிகாட்டி சொல்லும் கோட்டைத் தாண்டாமல் இருப்பது ஒன்றே அதற்கு மருந்து.

இஜெனிலிருந்து இறங்கினால் பன்யுவாங்கி நகரம், அதை அடுத்துக் கெத்தாப்பாங் படகுத்துறை. பாலிக்குப் போகும் படகு இரவு பகலாக ஓடுகிறது. குறுகிய நீரிணையைக் கடக்க ஒரு மணி நேரம் போதும். சுராபாயாவுக்கே திரும்பாமல் பாலியின் டென்பசாரிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் பிடிப்பது பல கூட்டங்களின் வழக்கம். அப்படிச் செய்தால் அதே சாலையில் நாளெல்லாம் திரும்பி வர வேண்டியதில்லை. மிஞ்சும் அந்த ஒரு நாளை வழியில் சிங்காசாரிக்கோ, போரோங் சேற்றுக் கரைக்கோ கொடுத்துவிடலாம்.